மஞ்சள் கரிசலாங்கண்ணி: அடையாளம் காண்பதும் வளர்ப்பதும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பது எப்படிப்பட்ட செடி?

தரையை ஒட்டிப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, நுனியை மட்டும் சற்றே நிமிர்த்திக்கொண்டு வளரும் பல்லாண்டுப் பூண்டு இது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரம் நிலைத்த இடங்களான வயல் வரப்பு, வாய்க்கால் கரை, குளத்தோரம், தென்னந்தோப்பின் பாத்தி ஆகியவையே இதன் இயற்கையான இருப்பிடங்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசம் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான் வரை தானாகவே பரவியிருக்கும் ஆசியச் செடி. எதிரெதிராக அமைந்த குறுகிய இலைகளும், மெல்லிய நீண்ட காம்பின் உச்சியில் தனித்து நிற்கும் மஞ்சள் பூவும் இதன் பொதுவான தோற்றம். ஒருமுறை வேரூன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வேனிலில் காய்ந்ததுபோல் ஒடுங்கி, முதல் மழைக்கு மறுபடியும் துளிர்க்கும்.

இதற்கு இத்தனை பெயர்கள் ஏன்?

மஞ்சள் கரிசாலை, மஞ்சள் கையான், பொற்றலைக் கையாந்தகரை எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. கரிசாலை, கையான், கையாந்தகரை ஆகியவை கரிசலாங்கண்ணிக்குரிய பொதுப்பெயர்கள்; வெள்ளைப் பூ உடையதிலிருந்து பிரித்துக் காட்டவே முன்னால் மஞ்சளும் பொன்னும் சேர்கின்றன. இவற்றுள் பொற்றலை என்ற சொல்லே எனக்கு மிகவும் பிடித்தது. பொன்னும் தலையும் புணர்ந்தால் பொற்றலை. பாடநூல்கள் இக்குடும்பத்தின் பூக்கொத்தைச் சிரமஞ்சரி என்கின்றன. சிரம் என்றாலும் தலைதான். தாவரவியல் சொன்னதையே ஊர்வழக்குப் பெயர் முன்னரே சொல்லி வைத்திருக்கிறது. சிங்களத்தில் வெள்ளைக் கரிசாலை கிகிரிந்திய என்றும், மஞ்சள் கரிசாலை ரன்வன் கிகிரிந்திய என்றும் அழைக்கப்படுகின்றன. ரன்வன் என்பது பொன்னிறத்தைக் குறிக்கும் சொல்.

இதன் தாவரவியல் பெயர் வெடெலியா அல்லவா? இப்போது வேறு பெயர் சொல்கிறார்களே?

லின்னேயஸ் 1753இல் இதற்கு வெர்பெசினா கேலண்டுலேசியா என்று பெயரிட்டார். பின்னர் இது வெடெலியா பேரினத்துக்கு மாற்றப்பட்டு, வெடெலியா கேலண்டுலேசியா, வெடெலியா சைனென்சிஸ் என்ற இரு பெயர்களால் நெடுங்காலம் அறியப்பட்டது. ஜெர்மனியின் ஜேனா நகரப் பேராசிரியர் கேயார்க் வொல்ஃப்காங் வெடெலின் நினைவாக அமைந்த பேரினப் பெயர் அது. 1996இல் புரஸ்கி என்ற தாவரவியலாளர் இதை ஸ்பாக்னெட்டிகோலா பேரினத்துக்கு மாற்றினார். ஆகவே இன்றைய பெயர் ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. மூலிகை நூல்களிலும் மருந்துப் பெட்டிகளிலும் வெடெலியா என்ற பழைய பெயரே இன்னும் நிற்கிறது. அது தவறான செடியைக் குறிப்பதில்லை, பழைய பெயர் அவ்வளவுதான். ஆனால் பூச்செடி விற்பவர்கள் வெறுமனே வெடெலியா என்று சொன்னால் எச்சரிக்கை தேவை. அவர்கள் குறிப்பது பெரும்பாலும் வேறொரு செடியை. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ஒரே செடியின் இரு நிற வகைகள் அல்ல. வெள்ளைக் கரிசலாங்கண்ணி எக்லிப்டா என்ற தனிப் பேரினத்தைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் விதையிலிருந்து முளைத்து, பூத்து, காய்த்து, ஓராண்டுக்குள் முடிந்துவிடும். அதன் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது; வெள்ளை நிறத்தில், இலைக் கணுக்களில் ஒட்டினாற்போல இருக்கும். மஞ்சளின் பூ 2 முதல் 2.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கும்; அதைத் தாங்கும் காம்பும் இலைகளுக்கு மேலே நீண்டு நிற்கும்.

வெள்ளைக் கரிசாலையின் தண்டை ஒடித்து விரல்களுக்கிடையே கசக்கினால், சற்று நேரத்தில் சாறு காற்றுப்பட்டுக் கறுத்து, விரலில் கறையாக ஏறிவிடும். கரி என்ற சொல் பெயரில் இடம்பெற்றதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். இது வெள்ளையை உறுதிப்படுத்த நல்ல சோதனை. மஞ்சளைக் கண்டறியும் சோதனையாக இதைக் கொள்ள வேண்டாம்.

வேதியியலில் இரண்டுக்கும் உறவு உண்டு. வெடெலோலாக்டோன் என்ற பொருள் இரண்டிலும் இருக்கிறது. 1956இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சக ஆய்வாளர்களும். பொருளின் பெயர் மஞ்சள் கரிசாலையின் பழைய பேரினப் பெயரான வெடெலியாவிலிருந்து வந்தது. நம் வரப்பில் கிடக்கும் பூண்டின் பெயர் சென்னை ஆய்வகம் ஒன்றின் வழியாக உலக வேதியியலுக்குள் போனது என்பதைப் பலரும் அறிவதில்லை.

நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வாங்கி வந்தேன். அது உண்மையானதுதானா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. பெரும்பாலும் அது உண்மையானது அல்ல என்பதே என் அனுபவம். மஞ்சள் கரிசாலை என்ற பெயரில் மாடித் தோட்டங்களில் செழித்துக் கிடப்பது, பல இடங்களில் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்ற அமெரிக்கச் செடி. பேச்சு வழக்கில் அதைச் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். சிங்கப்பூருக்கும் அதன் பிறப்புக்கும் தொடர்பு இல்லை. மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் ஆகியவையே அதன் தாயகம். சாலை நடுவிலும், பூங்காச் சரிவுகளிலும், அடுக்ககங்களின் மதிலோரத்திலும் பச்சைப் பாய் விரித்தாற்போல வளர்ந்து, மேலே மஞ்சள் பூக்களைத் தூவியதுபோல் காட்டும் செடி அது.

நான் முதன்முதலில் வாங்கியதும் அதையே. விற்றவர் ஏமாற்ற வேண்டும் என்று எண்ணியிருக்க மாட்டார். அவருக்குத் தண்டு கொடுத்தவர் சொன்ன பெயரை அவர் எனக்குச் சொன்னார். எட்டு மாதம் அதை ஆசையாக வளர்த்து, இருமுறை பருப்போடு கடைந்தும் சாப்பிட்ட பிறகுதான், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் உண்மையான செடியைப் பார்த்தேன். இரண்டு இலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த நொடியில், அதுவரை எப்படி ஏமாந்தேன் என்பதே புரியவில்லை. ஏமாந்ததற்குக் காரணம் பூ. இரண்டின் பூக்களும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே நிறம். இரண்டின் இதழ் நுனியிலும் சிறு பிளவுகள் உண்டு. பூவைப் பார்த்துப் பெயர் வைப்பவர் இங்கே தவறுவது உறுதி. இலையைப் பாருங்கள்.

இலையில் எதைப் பார்க்க வேண்டும்?

நடு வயதுடைய, நன்கு விரிந்த இலைகளில் நான்கைந்தைப் பறித்து ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கரிசாலையின் இலை ஈட்டி வடிவம் அல்லது நீள்வட்டம். நீளம் 2 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருந்தாலும், அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். அதாவது அகலத்தைப் போலப் பல மடங்கு நீளம். விளிம்பு பெரும்பாலும் மழுங்கலாக ஓடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மேலோட்டமான பற்கள் இருக்கலாம், ஆனால் இலை எங்கும் பிளவுபடாது. காம்பு இல்லை என்றே சொல்லலாம். இலையின் அடி குறுகித் தண்டோடு சேர்ந்துவிடும். கட்டைவிரலால் நுனியிலிருந்து அடி நோக்கித் தடவினால், படிந்த குறு மயிர்களால் சொரசொரப்பு தெரியும்.

சிங்கப்பூர் டெய்சியின் இலை அகலமானது. 2 முதல் 5 சென்டிமீட்டர் அகலம் வரை போகும். நடுப்பகுதிக்கு மேலே இருபுறமும் தோள் புடைத்தாற்போல ஒவ்வொரு மடல் பிதுங்கி, நடு நுனியோடு சேர்ந்து மூன்று மடலாகத் தெரியும். டிரைலோபேட்டா என்ற பெயருக்கே மூன்று மடல் உடையது என்று பொருள். இலை தடித்து, மேற்புறம் மினுமினுப்பாக இருக்கும். தண்டும் பருமனாக, நீர்ச்சத்து நிரம்பியதாக இருக்கும்.

ஒரு கண்ணி இங்கே உண்டு. நிழலில் வளரும் டெய்சித் தண்டுகளிலும் இளந்துளிர்களிலும் மடல்கள் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஓர் இலையை வைத்து முடிவு செய்யாமல், வெயில்பட்ட பகுதியிலிருந்து பல இலைகளைப் பார்க்கச் சொல்கிறேன். கொத்தில் ஓர் இலையிலாவது மூன்று மடல் தெளிவாகத் தெரிந்தால் அது நாம் தேடும் செடி அல்ல. இரண்டும் அருகருகே வளரும் தென்சீனப் பகுதியில் இவற்றுக்குள் இயற்கையாகவே கலப்பினம் உண்டாகியிருக்கிறது என்பதும் பதிவாகியுள்ளது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட இலையோடு ஒரு செடி கிடைத்தால், அதைச் சமையலறைக்குக் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது.

பூவைப் பார்ப்பதில் பயனே இல்லையா?

வேறு குடும்பத்துச் செடிகளை விலக்குவதற்குப் பயன்படும். ஒரு பூவைப் பறித்து, விரல் நகத்தால் நடுவே இரண்டாகப் பிளந்து பாருங்கள். நாம் ஒரு பூ என்று நினைத்தது பல சிறுமலர்களின் கூட்டம் என்பது விளங்கும். ஓரத்தில் இதழ்போல் நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். நடுவில் நெருங்கி நிற்பவை குழல் வடிவ வட்டத்தட்டுச் சிறுமலர்கள். அவற்றுக்கிடையே காய்ந்த உமிபோன்ற மெல்லிய செதில்கள் நிற்கும். பூவின் அடியில் இலைபோன்ற பச்சைச் செதில்கள் ஏந்திப் பிடித்திருக்கும். இந்த அமைப்பு இல்லையென்றால் அது கரிசாலை வகையே அல்ல.

இவை தவிர வேறு எந்தச் செடிகளோடு குழப்பிக்கொள்கிறார்கள்?

வெட்டுக்காயப் பூண்டு என்றும் தாத்தாப் பூ என்றும் சொல்லப்படும் செடியோடு சிலர் குழப்புகிறார்கள். அதன் நடு மஞ்சள். ஓர இதழ்கள் வெளிறிய வெண்மஞ்சள். இலை ஆழமான பற்களோடு இருக்கும். பூக்காம்போ ஒரு சாண் உயரம்கூட எழும். விதை முற்றினால் பஞ்சுக் குடையாகப் பறக்கும். மஞ்சள் கரிசாலையில் பறக்கும் பஞ்சு இல்லை. கடற்கரைப் புதர்களில் ஏறிப் படரும் பெரிய மஞ்சள் பூச்செடி ஒன்றும் உண்டு. அதன் இலை உள்ளங்கை அளவு இருப்பதால், ஒருமுறை பார்த்தவர் மறுபடி குழம்ப மாட்டார்.

சிங்கப்பூர் டெய்சியைத் தெரியாமல் கீரையாகச் சாப்பிட்டுவிட்டோம். ஆபத்தா?

சிறிதளவு சாப்பிட்ட எனக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அதை யாருக்கும் சான்றாகக் கொடுக்க மாட்டேன். நம் மருத்துவ மரபு மஞ்சள் கரிசாலைக்குச் சொன்ன எந்தப் பயனும் அந்த அமெரிக்கச் செடிக்குச் சொல்லப்பட்டதல்ல. உறவுச் செடி என்பதால் ஒன்றின் குணத்தை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில்தான் உருளைக்கிழங்கும் ஊமத்தையும் இருக்கின்றன. கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. சாப்பிட்டபின் வயிற்றுக் கோளாறோ, தோல் அரிப்போ தோன்றினால், செடியின் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டெய்சியை என்ன செய்வது?

அழகுக்காகத் தொட்டிக்குள் அடக்கி வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், தரையில் நடாதீர்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. பரவுவதற்கு விதைகூடத் தேவையில்லை. கணு ஒன்று உள்ள தண்டுத் துண்டு ஈரத்தில் விழுந்தால் போதும். வெட்டிய தண்டுகளைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ வீசுவதே அது வயல்வெளிக்குப் போகும் வழி. பிடுங்கியதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில வாரங்கள் வெயிலில் வைத்து, முழுவதும் காய்ந்து கருகிய பிறகே மட்கு குழிக்கு அனுப்ப வேண்டும். பச்சையாக மட்கு குழியில் போட்டால், மட்கு குழியே டெய்சித் தோட்டமாகிவிடும். இதில் உள்ள வருத்தம் என்னவென்றால், அது பிடித்துக்கொள்ளும் ஈரமான கரைகளும் வரப்புகளும், நம் மஞ்சள் கரிசாலை வாழ்ந்துவந்த அதே இடங்கள்தான்.

உண்மையான செடி எங்கே கிடைக்கும்?

மூலிகைப் பண்ணைகளிலும், சித்த மருத்துவக் கல்லூரிகளின் மூலிகைத் தோட்டங்களிலும், நெடுநாளாக வளர்த்து வருபவர்களிடத்திலும் கேட்கலாம். வேளாண் பல்கலைக்கழக வளாகங்களில் உள்ள மூலிகைப் பிரிவிலும் விசாரிக்கலாம். வயல் வெளியிலிருந்து எடுப்பதானால், இரண்டு மூன்று தண்டுகளை மட்டும் வெட்டிக்கொண்டு தாய்ச்செடியை விட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும், முன் சொன்ன இலைச் சோதனையைச் செய்யாமல் வாங்க வேண்டாம். தொலைபேசியில் படம் அனுப்பச் சொன்னால், பூவின் படத்தையே அனுப்புவார்கள். இலையை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எப்படி நடுவது? விதையா, தண்டா?

தண்டுதான். விதை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் முளைப்பு சீராக இருப்பதில்லை.

முற்றியும் முற்றாமலும் உள்ள தண்டில் மூன்று அல்லது நான்கு கணுக்கள் இருக்கும்படி, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் கிடந்த தண்டானால் கணுக்களில் வெள்ளை வேர்முனைகள் ஏற்கெனவே எட்டிப் பார்க்கும். அத்தகைய துண்டே சிறந்தது. கீழ்க்கணு இரண்டின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு சாய்வாக ஊன்றி, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்துங்கள். நேராக ஊன்றுவதைவிடச் சாய்த்துப் படுக்கவைத்தாற்போல் ஊன்றினால் இரண்டு கணுவும் மேல்மண்ணிலேயே இருக்கும். வேர் விரைவில் பிடிக்கும். நிழலில் வைத்து, மண் காயாமல் தெளித்து வந்தால், 10 முதல் 15 நாட்களுக்குள் புதுத்துளிர் தெரியும். துண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் எதிர்த்தால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள்.

ஆடி, ஆவணி மழைக்கும், வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்துக்கும் நடுவது எளிது. சித்திரை, வைகாசியில் நட்டால் பாதித் துண்டுகள் கருகும். தரையில் நடும்போது ஓர் அடி இடைவெளி போதும். ஒரு மழைக்காலத்துக்குள் இடைவெளி மூடிவிடும்.

மண் கலவையும் தொட்டியும் எப்படி இருக்க வேண்டும்?

ஆழத்தைவிட அகலம் தேவைப்படும் செடி. அரை அடி ஆழமுள்ள அகலத் தொட்டி, பழைய காய்கறிக் கூடை, உடைந்த வாளியை நெடுக்காக வெட்டிய பாதி என எதுவானாலும் சரி. தண்டு தவழ்ந்து மண்ணைத் தொடும் இடத்திலெல்லாம் வேர்விடும் என்பதால், பரப்பு கூடக்கூட விளைச்சல் கூடும். குறுகிய தொட்டியில் வைத்தால் தண்டுகள் விளிம்பைத் தாண்டித் தொங்கும். பார்க்க அழகாக இருக்கும், கீரை குறையும்.

செம்மண் அல்லது தோட்டமண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்ற கலவை எனக்குப் பழுதில்லாமல் வந்திருக்கிறது. ஈரம் விரும்பும் செடிதான். ஆனாலும் தொட்டியின் அடியில் நீர் தேங்கி நாற்றமடித்தால் வேர் அழுகும். வாய்க்கால் கரையில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தொட்டியில் அது நிற்கிறது. வடிகால் துளைகளைச் சோதித்துவிட்டு நிரப்புங்கள்.

எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர்?

காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமும், பிற்பகலில் நிழலும் கிடைத்தால் இலை பெரிதாகவும் இளசாகவும் இருக்கும். முழு வெயிலிலும் வளரும், ஆனால் இலை சிறுத்துச் சொரசொரப்பு கூடும். அடர்நிழலில் தண்டு மட்டும் நீண்டு, கணுவிடை அகன்று, பூ குறையும். மொட்டை மாடியில் வளர்ப்பவர்கள் பங்குனி முதல் ஆனி வரை பசுமை வலைக்கு அடியில் மாற்றிவிடுவது நல்லது. தண்ணீரைப் பொறுத்தவரை, மேல்மண்ணை விரலால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும் என்பதே கணக்கு. வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போடுபவர்கள் தண்டுகள் மண்ணைத் தொட இடம் விட்டுப் போட வேண்டும். இல்லையேல் கணுக்கள் மூடாக்கின் மேலே வேர்விட்டு, வெயிலில் காய்ந்துபோகும்.

ஆறு மாதமாகியும் பூக்கவில்லை. ஏன்?

நிழல் அதிகம், அல்லது தழைச்சத்து அதிகம், அல்லது அடிக்கடி கிள்ளுகிறீர்கள். கீரைக்காக வளர்ப்பவருக்கு இது குறையே அல்ல.

என்ன பூச்சிகள் வரும்?

பெரிய தொல்லை இல்லாத செடி. வேனிலில் கணுக்களில் மாவுப்பூச்சியும், இளந்துளிரில் அசுவினியும் ஒட்டும், மழைக்காலத்தில் நத்தை. சாப்பிடும் செடி என்பதால் இரசாயன மருந்தைத் தொடவே வேண்டாம். தாக்கப்பட்ட நுனிகளை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். அதன் பிறகு ஒரு வாரமாவது கீரை பறிக்கக் கூடாது. நத்தையைக் காலையில் கையால் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

எப்போது, எப்படிப் பறிப்பது?

நட்ட இரண்டரை, மூன்று மாதங்களில் முதல் பறிப்பு. தண்டின் நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கிள்ளினால் கீழ்க்கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் வெடிக்கும். வேரோடு பிடுங்கும் பழக்கத்தை வெள்ளைக் கரிசாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது பல்லாண்டுச் செடி. மாதம் ஒருமுறை பறித்து, பறித்தபின் ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுத்தால் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய தண்டுகளைக் களைந்து, புதுத் துண்டுகளால் தொட்டியைப் புதுப்பித்தால் இலை மறுபடி செழிக்கும்.

சாக்கடை ஓரத்திலும், சாயக் கழிவு ஓடும் வாய்க்கால்களிலும் செழித்து நிற்கும் செடியைப் பறிக்காதீர்கள். செழிப்பு தூய்மைக்கு அடையாளமல்ல. ஈரமான மண்ணில் கிடப்பது மனிதக் கழிவாக இருந்தாலும் ஆலைக் கழிவாக இருந்தாலும் இச்செடி அங்கேயும் வளரும்.

சமையலில் எப்படிப் பயன்படுத்துவது?

இலையை இரண்டு மூன்று முறை அலசி, பாசிப்பருப்போடும் சின்ன வெங்காயத்தோடும் வேகவைத்துக் கடையலாம். சொரசொரப்பு வேகும்போது அடங்கிவிடும். லேசான கசப்பு மட்டும் நிற்கும். துவையலாக அரைப்பவர்கள் எண்ணெயில் நன்றாக வதக்கிய பிறகே அரைக்க வேண்டும். பச்சையாக அரைத்தால் தொண்டையில் உறுத்தும். அடை மாவில் நறுக்கிப் போடுவது குழந்தைகளுக்கு ஏற்ற வழி. நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. பொடியாகிவிட்ட பிறகு எந்தச் செடி என்பதை யாராலும் இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், கடைப் பொடியைவிட நீங்களே அடையாளம் கண்டு உலர்த்தியதே நம்பகமானது.

வள்ளலார் சொன்ன கரிசாலை இதுதானா?

ஆம். வள்ளலார், அன்றாட ஒழுக்கத்தைச் சொல்லும் தம் நித்திய கரும விதியில் பொற்றலைக் கையாந்தகரை என்றே பெயர் குறிப்பிட்டு எழுதுகிறார். அதன் இலையோடு தூதுளை இலை, முசுமுசுக்கை இலை, சீரகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பொடி செய்து, நீரும் பசும்பாலும் கலந்து, நீர் சுண்டும்வரை காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார். சன்மார்க்க அன்பர்கள் இச்செடியைத் தேடி வளர்ப்பதற்கு இதுவே காரணம். அவர் வாழ்ந்த 1823 முதல் 1874 வரையான காலத்தில், வடலூரைச் சுற்றிய வயல்வெளியில் பொற்றலை என்று சொன்னால் எந்தச் செடி என்பதில் யாருக்கும் ஐயம் எழுந்திருக்க வாய்ப்பில்லை. இன்று அவர் பெயரைச் சொல்லியே அமெரிக்க டெய்சி கைமாறுவதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது.

மஞ்சள் காமாலைக்கு இதைக் கொடுக்கலாமா?

கல்லீரல் நோய்களுக்கு இதைப் பயன்படுத்துவது சித்த, ஆயுர்வேத மரபுகளில் பழைய வழக்கம். ஆனால் மஞ்சள் காமாலை என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. வைரஸ் தொற்று, பித்தப்பைக் கல், மது, சில மருந்துகளின் பக்கவிளைவு எனப் பல காரணங்களால் தோன்றும் அறிகுறி. காரணம் தெரியாமல் வீட்டில் கீரைச் சாறு கொடுத்துக்கொண்டு காலம் கடத்துவது உயிருக்கே கேடாக முடியலாம். முதலில் இரத்தப் பரிசோதனை, மருத்துவர். மூலிகை வேண்டும் என்றால் தகுதிபெற்ற சித்த மருத்துவரின் கண்காணிப்பில். கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவது உணவு. சாறு பிழிந்து நாள்தோறும் குடிப்பது மருந்து. இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

தென்னந்தோப்பில் தரைமூடியாக வளர்க்கலாமா?

வளர்க்கலாம். சிதறிய நிழலும் பாத்தி ஈரமும் இதற்கு மிகவும் பொருந்தும். மண்ணரிப்பைத் தடுக்கும், களை முளைப்பதைக் குறைக்கும், தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். டெய்சியைப் போல மற்றவற்றை மூடி அமுக்காது. அதனாலேயே முதல் ஆறு மாதம் கோரையையும் அறுகையும் கையால் களைந்து இதற்கு வழி விட வேண்டும். நடுவதற்கு முன் தோப்பின் வரப்புகளை ஒருமுறை நடந்து பாருங்கள். குறுகிய, மடலற்ற இலையோடு நாலைந்து கொடிகள் ஏற்கெனவே அங்கே கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் தண்டு தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.